கோடை டூர்ல மழை: 26,880 ரூபாயைக் காப்பாத்தப் போய் 14,250 ரூபாயை விட்ட கதை



மே மாசம் நெருங்கிட்டாலே சேனலுக்கு ஒரே மாதிரி கேள்விதான் வருது. "சார், ஊட்டி மூணு நாள், ஃபேமிலியோட, எவ்வளவு ஆகும்?" வீடியோவும் போட்டாச்சு. பெட்ரோல், ரூம், சாப்பாடு, பார்க்கிங், குழந்தைக்கு குதிரை சவாரி வரைக்கும் கணக்கு சொன்னேன். ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். அந்த மூணு நாளும் மழை பெஞ்சா என்ன செலவு ஆகும்?

விட்டதுக்குக் காரணம் மறதி இல்லை, வெட்கம். போன வருஷம் நானே அதுல மாட்டினேன். ஊருக்கெல்லாம் பட்ஜெட் சொல்ற ஆடிட்டர், தன் சொந்த டூர்ல என்ன பண்ணினான்னு சொல்லக் கூச்சமா இருந்தது. இப்போ சொல்லிடறேன். நீங்க இந்த மே மாசத்துக்கு ரூம் போடறதுக்கு முன்னாடி படிச்சிட்டா போதும்.

நாங்க இருக்கறது கோயம்புத்தூர். ஊட்டி இங்கிருந்து 90 கிலோமீட்டர்கூட இல்லை. அப்பா மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "ஊட்டில ரெண்டு நாள் தங்கிப் பார்க்கோணும் கண்ணு"ன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தார். சின்ன வயசுல எங்களைக் கூட்டிட்டுப் போனப்போ எல்லாம் காலைல போய் ராத்திரி திரும்பி வர்றதுதான். தங்கறதுக்குக் காசு இருந்ததில்லை. அதனால 2025 மே கடைசி வாரத்துக்கு, மார்ச் மாசமே ரெண்டு ரூம் போட்டேன், மூணு ராத்திரிக்கு.

ஆப்புல ரெண்டு ரேட் காட்டுச்சு. கேன்சல் பண்ணினா பணம் திரும்பாத ரேட், ஒரு ரூமுக்கு 4,000. முன்கூட்டியே சொல்லிட்டா பணம் திரும்பற ரேட், 4,400. நான் யோசிக்கவே இல்லை, 4,000-ஐ அமுக்கினேன். ரெண்டு ரூம், மூணு ராத்திரி, 24,000. அப்போ இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 26,880. (2025 செப்டம்பர் 22-லருந்து 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு 5 சதவீதம்தான். இந்த வருஷம் பில் பார்க்கும்போது சரிபார்த்துக்கங்க.)

2,688 ரூபாய் மிச்சம் பண்ணிட்டேன்னு மனைவிகிட்ட பெருமை வேற பேசினேன்.

மே 24, சனிக்கிழமை. நாங்க கிளம்ப வேண்டிய நாள். அன்னைக்குத்தான் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சதா வானிலை ஆய்வு மையம் அறிவிச்சது. வழக்கமா ஜூன் 1-ஆம் தேதி வர்ற மழை ஒரு வாரம் முன்னாடியே வந்துடுச்சு. 2009-க்கு அப்புறம் இவ்வளவு சீக்கிரம் வந்தது அதுதான் முதல் தடவை. நீலகிரிக்கும் கோவைக்கும் 25, 26 ரெண்டு நாளும் ரெட் அலர்ட். ரெட்டுன்னா, 24 மணி நேரத்துல 20 சென்டிமீட்டருக்கும் மேல பெய்யலாம்னு அர்த்தம்.

"ஏங்க, இந்த மழைல போகோணுமா?"ன்னு மனைவி கேட்டா.

நான் சொன்ன பதில் இதுதான்: "இருபத்தாறாயிரத்து எண்ணூத்தி எண்பது ரூபா கட்டியாச்சு."

சிஏ படிக்கிறப்போ காஸ்டிங் பேப்பர்ல சங்க் காஸ்ட்டுன்னு ஒண்ணு வரும். ஏற்கெனவே செலவாகிப் போன, எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராத காசு. அடுத்த முடிவு எடுக்கும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாதுன்னு அதுல பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன். நஷ்டத்துல ஓடற கடையை மூட மனசு வராத கிளையன்ட்டுகளுக்கு அதையே வேற வார்த்தைல சொல்லியும் இருக்கேன். அன்னைக்கு வாசல்ல கார் சாவியைக் கைல வெச்சுட்டு நின்னப்போ அது ஒண்ணும் ஞாபகம் வரலை.

போனோம்.

ஞாயிறு காலைல சுற்றுலா இடங்கள் மூடிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. கரண்ட் போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. ரெண்டாவது படிக்கிற பொண்ணு பத்து மணிக்கே "போர் அடிக்குது"ன்னு ஆரம்பிச்சுட்டா. எனக்கு உள்ளுக்குள்ள கணக்கு ஓடுது: ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் ரூபா குடுத்துட்டு சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோமே! அங்கதான் ரெண்டாவது ஓட்டை விழுந்தது.

என் காரை அந்த மழைல எடுக்கப் பயம், அதனால டாக்ஸி, 2,500. அஞ்சு பேருக்கும் ஜெர்க்கினும் குடையும், 2,900. வீட்டு பரண்ல மூணு குடை சும்மா கிடக்குது. பொண்ணுக்கு கேம் விளையாடற இடம், 1,600. வெளியே போய் சாப்பிட முடியாததால ரூமுக்கே வரவழைச்ச சாப்பாடு, 3,850. அப்புறம் பொழுது போகலைன்னு கடை கடையா ஏறி வாங்கின சாக்லேட், வர்க்கி, தைலம், ஸ்வெட்டர், 3,400. கூட்டினா 14,250.

மழை பெய்யலைன்னா இதுல பெரும்பகுதி செலவே ஆகியிருக்காது. 26,880-ஐ வீணாக்கக் கூடாதுன்னு போய், மொத்தம் 41,130-ஐக் கரைச்சுட்டு வந்தேன். வீட்டிலேயே இருந்திருந்தா நஷ்டம் 26,880-ஓட நின்னிருக்கும்.

இந்தக் கணக்குல பணம் மட்டும் இல்லை. அதே 25-ஆம் தேதி ஊட்டி பக்கத்துல மரம் விழுந்து, கேரளாவிலிருந்து சுற்றுலா வந்த 15 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான். நாங்க டாக்ஸில கடை கடையா அலைஞ்ச அதே ஞாயித்துக்கிழமை. திரும்பி வர்றப்போ குன்னூருக்குக் கீழ ரோட்டுல மரம் விழுந்து, அதை வெட்டி எடுக்கற வரைக்கும் ரெண்டு மணி நேரம் காருக்குள்ளேயே இருந்தோம். ஒரு பக்கம் பாறைச் சரிவு, ஒரு பக்கம் பள்ளம், பின் சீட்டுல பொண்ணு வாந்தி எடுத்துட்டு இருக்கா. அந்த ரெண்டு மணி நேரத்துல 26,880 எவ்வளவு சின்ன தொகைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அதனால அலர்ட் வந்த அன்னைக்கு உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கங்க: இந்த ரூமை யாரோ சும்மா குடுத்திருந்தா, நாளைக்கு இந்த மழைல மலை ஏறுவேனா? "மாட்டேன்"னா, காசு கட்டினதுக்காகவும் ஏறாதீங்க. மழை நீங்க கட்டின அட்வான்ஸைப் பார்க்காது.

இப்போ என் மெயின் பாயின்ட்டுக்கு வர்றேன்.

பக்கத்து ஊருக்கு டூர் போறதுல இருக்கற பெரிய லாபம் டிக்கெட் செலவு கம்மிங்கறது இல்லை. கடைசி நேரத்துல முடிவெடுக்கலாம்ங்கறதுதான். காஷ்மீருக்கோ துபாய்க்கோ போறவங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஃப்ளைட் போட்டாச்சுன்னா போயே ஆகணும். கோவைல இருந்து ஊட்டி, சேலத்துல இருந்து ஏற்காடு, மதுரைல இருந்து கொடைக்கானல், இதெல்லாம் அப்படி இல்லை. காலைல வானத்தைப் பார்த்துட்டுக் கிளம்பலாம். வேண்டாம்னா அடுத்த வாரம் போகலாம். இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கு. நான் அதை வெறும் 2,688 ரூபாய்க்கு ஆப்புகாரனுக்கு வித்துட்டேன். நம்மள்ல நிறைய பேர் வருஷா வருஷம் அதைத்தான் பண்றோம்.

கணக்காவே பாருங்க. பணம் திரும்பற ரேட்டுல போட்டிருந்தா 2,688 அதிகம். டூர் போனா அது போச்சு. கேன்சல் பண்ணினா 26,880 தப்பிச்சது. பதினோரு தடவைல ஒரு தடவை கேன்சல் பண்ற நிலைமை வந்தாலே போட்ட காசு சரியாயிடும். மே கடைசி வாரத்துல மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போறீங்க. மழை மட்டும் இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், மேனேஜர் லீவைப் பிடுங்கலாம். பதினொண்ணுல ஒண்ணுக்கும் கம்மியா இருக்கும்னு நினைக்கறீங்களா? நான் நினைக்கலை.

"சார், சீசன்ல ரூமே கிடைக்காதே, அப்போ கிடைச்ச ரேட்டுல போட்டுத்தானே ஆகணும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். அதோட இ-பாஸ் வேற. போன வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு கோர்ட்டே வரம்பு வெச்சது. இ-பாஸுக்குக் காசு கிடையாது, ஆனா கடைசி நேரத்துல கிடைக்கும்னு உறுதியும் கிடையாது. அதனால முன்கூட்டியே போடாதீங்கன்னு நான் சொல்லலை. முன்கூட்டியே போடுங்க, திரும்பற ரேட்டுல போடுங்க. கேன்சல் பண்ற கடைசி நாள், கடைசி மணி என்னன்னு பார்த்து போன்ல அலாரம் வைங்க. வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியா பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு நாலஞ்சு நாளைக்கு முன்னாடியே எச்சரிக்கை குடுக்குது. கெடு 48 மணி நேரம் முன்னாடின்னா, அந்த எச்சரிக்கையைப் பார்த்துட்டு முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கு. திரும்பாத ரேட் மட்டும்தான் இருக்குன்னா, வேற ஹோட்டல் பாருங்க. அதுவும் இல்லைன்னா, கட்டுற காசு போனாலும் தூக்கம் வருமான்னு யோசிச்சுட்டுக் கட்டுங்க.

ரூமை காலி பண்றப்போ நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துது. ரிசப்ஷன்ல இருந்த மேனேஜர்கிட்ட, "மழைல மாட்டிக்கிட்டோம்"னு புலம்பினேன். அவர் சொன்னார்: "சனிக்கிழமை காலைல ஒரு போன் பண்ணியிருந்தா தேதி மாத்திக் குடுத்திருப்போமே சார். நாலு ஃபேமிலி மாத்திக்கிட்டாங்க."

ஒரு போன். பணம் திரும்பாதுன்னு ஆப்புல எழுதியிருந்ததைப் படிச்சுட்டு, கேக்கவே கூடாதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். பணத்தைத் திருப்பித் தர்றது ஹோட்டலுக்குக் கஷ்டம், தேதி மாத்தறது அவ்வளவு கஷ்டம் இல்லை. ஜூலை, ஆகஸ்ட்ல ரூம் காலியாத்தானே கிடக்கும். எல்லாரும் மாத்துவாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேளுங்க. "ரீஃபண்ட் வேண்டாம், வேற தேதி குடுங்க"ன்னு கேளுங்க. ஆப்பு மூலமா போட்டிருந்தா ஹோட்டல்லயும் கேளுங்க, ஆப்பு கஸ்டமர் கேர்லயும் கேளுங்க. சரின்னு சொன்னா வாட்ஸ்ஆப்லயோ மெயில்லயோ எழுத்துல வாங்கிக்கங்க.

மழைன்னு பொதுவா சொல்றோமே, அதுலயும் வித்தியாசம் இருக்கு. ஏப்ரல், மே முதல் பாதில வர்றது கோடை மழை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல இடி மின்னலோட கொட்டிட்டு நின்னுடும். இதுக்கெல்லாம் டூரை கேன்சல் பண்ண வேண்டாம். ஆறு மணிக்கே கிளம்பி, பார்க்கறதைப் பார்த்துட்டு, ரெண்டு மணிக்கு ரூமுக்கு வந்துடுங்க. மே கடைசியில இருந்து வர்றது பருவமழை, அது வேற ஆள். நாள் முழுக்க பெய்யும். அதுலயும் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, வால்பாறை பக்கம் வாங்கற அடி கோத்தகிரிக்குக் கிடையாது. கோத்தகிரி, குன்னூர் எல்லாம் கிழக்குச் சரிவு, அங்க பெரிய மழை ஐப்பசி, கார்த்திகைலதான். ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலைல சாயங்கால இடிமழை வரும், ஆனா தென்மேற்குப் பருவமழை இவ்வளவு உக்கிரமா இருக்காது. குற்றாலம் போறவங்க கதையே தனி, அங்க மழை வந்தாத்தான் சீசன். அதுவும் அளவுக்கு மீறினா குளிக்கத் தடை போட்டுடுவாங்க. ஆக, லீவு மே கடைசில்தான் கிடைக்கும்னா, எந்த மலைங்கறதையாவது யோசிச்சு எடுங்க. ரேட் ஒண்ணுதான், மழை வேற வேற.

கார் எடுத்துட்டுப் போறவங்களுக்கு ஒரு விஷயம். மலையை விட்டு இறங்கிட்டா ஆபத்து முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. கோவைக்காரங்களுக்கு லங்கா கார்னர் பாலத்தடி தெரியும். ஒரு மணி நேர மழை போதும், குளம் ஆயிடும். தேங்கின தண்ணில கார் நின்னுபோச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி போய் வர்ற சேதத்தை சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பொதுவா ஏத்துக்காது. இன்ஜின் ப்ரொடெக்ட்டுன்னு தனியா ஒரு ஆட்-ஆன் இருக்கணும். தர்ட் பார்ட்டி மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு உங்க வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது. கிளம்பறதுக்கு முன்னாடி பாலிசியைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்க. ரயில் டிக்கெட்டோட 45 காசுக்கு எடுக்கறோமே, அது விபத்துக்கான இன்ஷூரன்ஸ், டூர் கெட்டதுக்கு இல்லை. ஆனா ரயில்வேயே ரயிலை ரத்து பண்ணினா முழுப் பணமும் திரும்ப வரும். நீங்க ஏற வேண்டிய ஸ்டேஷனுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னாலும், பயணம் பண்ணாம, ரயில் கிளம்பறதுக்கு முன்னாடியே டிடிஆர் போட்டா முழுப் பணம் உண்டு. நிறைய பேர் இதைப் போடாமலே விட்டுடறாங்க.

"டூர் கெட்டாலும் எல்டிஏ கிளெய்ம் பண்ணிக்கலாம்ல சார்?"னு ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான். பழைய வரிமுறைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. உங்கள்ல பாதிப் பேர் புது வரிமுறைல இருக்கீங்க, அதனால மறந்துடுங்க. பழைய முறைலயும் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. நாலு வருஷத்துக்கு ரெண்டு தடவை. 2026-லருந்து 2029 வரைக்கும் இப்போ புது பிளாக் ஆரம்பிச்சிருக்கு. போகாத பயணத்துக்கு எதுவும் கிடையாது.

இஎம்ஐல டூர் போறவங்களுக்கும் சேர்த்து சொல்லிடறேன். மழைல டூர் கெட்டுப்போனா மனசு ஒரு வாரத்துல ஆறிடும். ஆறு மாச இஎம்ஐ ஆறு மாசமும் வரும், கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டியோட. நான் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து சாகறவன், எனக்கே அந்த ஞாயித்துக்கிழமை கார்டைத் தேய்க்கறப்போ கை நிக்கலை. ஏற்கெனவே கடன்ல போயிருந்தா எங்க நின்னிருப்பேன்னு தெரியலை.

இந்த வருஷம் நான் பண்ணியிருக்கற ஒரு மாற்றம்: டூர் பட்ஜெட்ல மழைக்குன்னே 3,000 ரூபாய் தனியா எழுதிட்டேன். மழை வந்தா அதுக்குள்ளதான் எல்லாம். அதுல 2,000 நூறு ரூபாய் நோட்டா கைல இருக்கும். கரண்ட் போய் டவர் போச்சுன்னா ஜிபே ஒண்ணும் வேலை செய்யாதுங்கறதை டீக்கடைல அசடு வழிஞ்சு கத்துக்கிட்டேன். குடை, ஜெர்க்கின், டார்ச், பவர் பேங்க், பொரி, நிலக்கடலை எல்லாம் வீட்டிலிருந்தே போகுது. லீவும் ரெண்டு ரெண்டு நாளா பிரிச்சுப் போட்டிருக்கேன். மலை ஏறலைன்னா மீதி நாளை வாபஸ் வாங்கிட்டு ஆபீஸ் போயிடலாம். லீவும் காசுதான். மாசம் 45,000 சம்பளம்னா ஒரு நாள் 1,500 ரூபாய். அதையும் ரூமோட சேர்த்துத் தொலைக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணு. அந்த ஞாயித்துக்கிழமை நான் டாக்ஸி தேடிட்டு அலைஞ்சப்போ, அப்பா மட்டும் வரலைன்னுட்டார். திரும்பி வந்து பார்த்தா, வராந்தால போர்வையைப் போத்திட்டு, ஃபிளாஸ்க்ல டீயை வெச்சுட்டு, எதிர்ல இருந்த சரிவுல மழை இறங்கறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். காலைல இருந்து அங்கேயேதான். "போர் அடிக்கலையாப்பா?"ன்னு கேட்டேன். "எதுக்குங் கண்ணு போர் அடிக்குது?"ன்னார். அப்புறம் என் கைல இருந்த பைகளைப் பார்த்துட்டு, "இதுக்கெல்லாம் எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டார். நான் பாதிதான் சொன்னேன்.

அஞ்சு பேர்ல டூரை முழுசா அனுபவிச்சவர் அவர் ஒருத்தர்தான். அவருக்கு ஆன எக்ஸ்ட்ரா செலவு ஒரு ஃபிளாஸ்க் டீ.

இந்த வருஷம் கோத்தகிரில ரெண்டு ரூம் போட்டிருக்கேன், மே ரெண்டாவது வாரம், திரும்பற ரேட்டுல. வராந்தா இருக்கான்னு கேட்டுட்டுத்தான் போட்டேன். கேன்சல் கெடுவுக்கு அலாரம் வெச்சாச்சு. அப்பா பரண்ல இருந்து பழைய கேரம் போர்டை இறக்கி, தூசி தட்டி, பவுடர் போட்டுப் பார்த்துட்டு இருக்கார். ஒரு காயின் குறையுதாம், சட்டைப் பட்டனை வெச்சு ஆடிக்கலாம்ங்கறார்.